தேய்க்கத் தேவையில்லாத பிளக்

ஞானேஸ்வரியின் தம்பி லண்டனுக்குப் போகிற மாதத்தில் அலுமாரி, கதிரை, டீவி என்று எல்லாவற்றையும் விற்றுத் தீர்த்தான். மோட்டார் சைக்கிள் மட்டும் விலைபோகவில்லை. புகை கக்குகிற பழைய வண்டி. கடைசி நாளில் சாவியை அக்காவின் கையில் வைத்து, நீயே ஓட்டு என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் பகிடிக்குச் சொன்னான். அவள் ஓட்டினாள்.

அப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு மைதானத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விழுந்து எழும்பிப் பழகினாள். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களைக் கண்டி பார்த்திருந்தது. கிக்கரை உதைத்து, கியர் போட்டுப் போகிற, காதோரம் நரைத்த பெண்ணைத்தான் திரும்பிப் பார்த்தது. ஒரு வருடத்தில் அதுவும் பழகிப்போனது.

அதற்கு முந்திய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா மாநகர சபையில் எழுதுவினைஞர். ஓய்வு பெற்ற மறுவருடம் போய்ச் சேர்ந்தார். அம்மா பதினொரு வருடம் படுக்கையில் கிடந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அந்தப் படுக்கையையும் பார்த்தார்கள்; தேநீர் குடித்தார்கள்; திரும்பி வரவில்லை. அம்மாவும் போனபின், இத்தனை காலம் செய்ததையே சான்றிதழோடு செய்வோம் என்று ஞானேஸ்வரி ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தாள். வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவள் அவள்தான். ஆளைப் புரட்டிப் படுக்கவைப்பதையும் படுக்கைப்புண் வராமல் பார்ப்பதையும் படிப்பித்த மிஸ்ஸைவிட வேகமாகச் செய்தாள்.

ஒன்றை மட்டும் அங்கே புதிதாகக் கற்றுக்கொண்டாள். நோயாளி போய்விட்டால் அந்த வீட்டில் நம் வேலை முடிந்தது. சாவு வீட்டுக்குப் போகலாம். முப்பத்தோராம் நாளுக்குக் கூப்பிட்டால் போகலாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகக் கூடாது. நம் முகத்தைக் கண்டால் அவர்களுக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வரும். படிப்பித்த மிஸ் இதைக் கரும்பலகையில் எழுதவில்லை. கையுறையைக் கழற்றியபடி சொன்னார்.

பத்து வருடத்தில் வேலை முடிந்த வீடு ஒன்பது. ஒன்பது வீட்டிலும் சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது, எந்த ஜன்னல் இறுகும், எந்த மருமகள் வாசல் வரை வந்து அழுவாள் என்பதெல்லாம் ஞானேஸ்வரிக்குத் தெரியும். இன்று அவற்றில் எட்டு வீட்டின் கதவை அவளால் தட்ட முடியாது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை அப்படி.

மிச்சமிருந்த ஒரு வீடு அலவத்துகொடயில் இருந்தது. அது மூடாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு பிளக்.

அலவத்துகொடயில் மாத்தளை வீதியோரம் முனாப்பின் கராஜ், அதற்குப் பின்னால் அவருடைய வீடு. முனாப்பின் உம்மாவை ஞானேஸ்வரி ஒன்றரை வருடம் பார்த்தாள். வந்த புதிதில் அவள் வண்டி புகைப்பதைக் கண்ட முனாப், உம்மாவைப் பார்க்க வருகிற மிஸ்ஸின் வண்டி வழியில் நின்றால் நமக்குத்தான் கஷ்டம் என்று தானே கழற்றிப் பார்த்தார். எஞ்சினுக்குள் எண்ணெய் மேலே ஏறுகிறது, அதனால் பொறி போடுகிற பிளக்கில் கரி பிடிக்கிறது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றித் தேய்த்துப் போட்டால் ஓடும் என்றார். அப்படியே ஓடியது. உம்மா மௌத்தான பின் நாற்பதாம் நாள் கத்தத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். போனாள், சாப்பிட்டாள், சொல்லிக்கொண்டு வந்தாள். கணக்கின்படி அன்றோடு அந்த வீடும் முடிந்தது. ஆனால் வந்த சனிக்கிழமை பிளக்கைத் தேய்க்க வேண்டியிருந்தது.

இப்படி ஐந்து வருடம் போனது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை பத்து மணிக்கு அவள் வண்டியைக் கராஜில் நிறுத்துவாள். முனாப் பிளக் ஸ்பேனரைத் தேடுவார். அங்கே ஒரு நீள வாங்கு உண்டு. அதில் லொறிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெண்ணொருத்தி வேலையில்லாமல் நிற்கிற இடமல்ல அது. அதனால் முனாப்பின் மனைவி பாயிஸா பக்கத்துக் கதவைத் திறப்பாள்.

"ஞானக்கா, வெயில்ல நிக்காம உள்ளுக்கு வாங்க. அவர் அதத் தேய்ச்சி முடியிற மட்டும் இந்தக் கராம்பக் கொஞ்சம் உருவித் தாங்க."

கராம்புக் காலத்தில் கராம்பு, மிளகுக் காலத்தில் மிளகு, ஒன்றுமில்லாத காலத்தில் முருங்கைக்கீரை. சாக்கை விரித்து இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். பேச்செல்லாம் பாயிஸாவுடையது. மகள் றம்ஸியா கட்டாரில் வாங்கிய பிரிட்ஜின் உயரம், மச்சாள் வட்டிலப்பத்துக்கு முட்டையைக் கஞ்சத்தனமாய் உடைத்த கதை, முனாப்பின் குறட்டை. ஞானேஸ்வரி போகிற வீடுகளில் யாரும் அவளிடம் குறட்டையைப் பற்றிப் பேசுவதில்லை. இரவு எத்தனை தடவை சிறுநீர் போனது என்றுதான் பேசுவார்கள். இங்கே இஞ்சி போட்ட பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் வரும். முக்கால் மணி நேரம் கழித்து முனாப் வெளியே ஹோர்னை அடிப்பார். வண்டி தயார் என்று அர்த்தம்.

"ஒரு பிளக்கத் தேய்க்க இந்த மனுசனுக்கு முக்கா மணித்தியாலம்," என்று பாயிஸா ஒவ்வொரு தடவையும் சொல்வாள். "இவரெல்லாம் எப்படித்தான் கராஜ் நடத்துறாரோ."

ஞானேஸ்வரியின் விரல்களில் புதன்கிழமை வரை கராம்பு மணக்கும்.

நாலாவது வருடம் முனாப் எஞ்சினைப் பிரித்து, எண்ணெயை ஏறவிடாமல் தடுக்கிற பிஸ்டன் ரிங்கை மாற்றினார். புகை நின்றது. பிளக்கில் முன்போலக் கரி பிடிக்கவில்லை. இந்தத் தேய்ந்த பிளக்கை எறிந்துவிட்டுப் புதிது ஒன்று போட்டால் இனி ஆறு மாதத்துக்கு இந்தப் பக்கம் வரவே தேவையில்லை என்று அவர் அன்றே சொன்னார்.

"தேய்ச்சாப் போதும் நானா. ஓடுதுதானே," என்றாள் ஞானேஸ்வரி.

பிறகும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிளக்குக்கு வயது போய்விட்டது, மாற்றுவோம் என்றார். இரண்டு தடவையும் அதே பதில். தான் ஏன் மறுக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். புதிய பிளக் போட்டால் சனிக்கிழமை போய்விடும். சனிக்கிழமை போனால் அந்தக் கதவும் போய்விடும். வெறுமனே போய்க் கதவைத் தட்டி, பேச வந்தேன் என்று சொல்கிற பழக்கம் அவளிடம் இல்லை. பாயிஸாவின் தொலைபேசி இலக்கத்தைக்கூட அவள் கேட்டு வாங்கியதில்லை.

2016 பிறந்தபோது அவள் ஹுன்னஸ்கிரியவில் சண்முகநாதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்தவர். பாரிசவாதத்தில் வலப்பக்கம் விழுந்து, சீனி வருத்தமும் சேர்ந்து கட்டிலோடு கிடந்தார். மகள் இராஜகுமாரி தெல்தெனியப் பக்கம் பள்ளிக்கூட ஆசிரியை. ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போகலாம். ஏழு மணிக்கு ஞானேஸ்வரி வந்து இன்சுலின் ஏற்றி, அரை மணி கழித்துச் சாப்பாடு கொடுக்க வேண்டும். நடுவிலுள்ள முக்கால் மணி நேரம் மனிதர் தனியே இருப்பார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒன்றேகால் மணி நேர ஓட்டம். பாதி வழி ஏற்றம்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை தெல்தெனிய தாண்டி ஏறும்போது மூடுபனி, கூடவே தூறல். வண்டி இருமியது, இழுத்தது, நின்றது. கிக்கரை முப்பது தடவை உதைத்தாள். பிளக்கைக் கழற்றிச் சேலைத் தலைப்பைப்போலத் தோளில் கிடந்த சால்வையால் துடைத்துப் போட்டாள். மறுபடி முப்பது தடவை. ஸ்பேனர் வைத்திருந்தாள், மாற்றுப் பிளக் வைத்திருக்கவில்லை. வண்டியை மூடிக்கிடந்த தேநீர்க்கடை வாசலில் விட்டு, பஸ்ஸுக்குக் காத்து நின்று, அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது எட்டு இருபது. சண்முகநாதன் பசி தாங்காமல் பக்கத்து மேசையில் மூடியிருந்த இடியப்பம் முழுவதையும் இடக்கையால் தின்று முடித்திருந்தார். வாயோரம் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது. சோதித்துப் பார்த்தபோது சீனி நானூறைத் தாண்டி நின்றது.

வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டு, சொன்னபடி செய்தாள். பின்னேரத்துக்குள் சீனி இறங்கியது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. இராஜகுமாரி வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நல்லது.

"நீங்க வந்துருவீங்கன்னு நெனச்சுத்தான் மிஸ் நான் பஸ் ஏறுறேன்," என்று மட்டும் சொன்னாள்.

வண்டி பழுதாகிவிட்டது என்று ஞானேஸ்வரி சொன்னாள். சொல்லும்போதே அது சரியில்லை என்று தெரிந்தது. மாற்றச் சொன்ன பிளக்கை அவள் தன் சனிக்கிழமைக்காக வைத்துக்கொண்டிருந்தாள். அதன் பலனை அனுபவித்தது ஒரு நோயாளி. பயிற்சி வகுப்பில் இதற்குக் கவனயீனம் என்று பெயர். அதைவிட மெல்லிய பெயர் எதுவும் அதற்குக் கிடையாது.

அன்று மாலையே கண்டி டவுனில் ஓர் உதிரிப்பாகக் கடையில் போய் நின்றாள். கடைக்காரர் இரண்டு பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்று சாதாரண பிளக். மற்றது இரிடியம், முனை தையல் ஊசிபோல மெலிந்திருந்தது. பொறி பலமாக விழும், பெற்றோல் மிச்சமாகும், மேட்டில் இழுவை கூடும் என்றார். விலையில் சாதாரண பிளக் ஐந்து வாங்கலாம்.

"ஆனா மேடம், போட்டுட்டு மறந்துருங்க. மூணு வருஷத்துக்குக் கையே வைக்கத் தேவையில்ல."

மறந்துவிடலாம் என்றது அன்றைக்கு அவளுக்குப் பிடித்தது. வாங்கினாள். மறுநாள் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய், திரும்பும் வழியில் அந்தத் தேநீர்க்கடை வாசலில் குந்தியிருந்து தானே பூட்டினாள். முதல் உதையிலேயே பற்றியது.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. பெற்றோல் மிச்சமாகவில்லை, வழக்கமாக அடிக்கிற பெற்றோலுக்கு வழக்கமான தூரம்தான் ஓடியது. மேட்டில் முன்னைப்போல முக்கித்தான் ஏறியது. ஆனால் பனியிலும் மழையிலும் ஒரே உதைதான். நாலு மாதத்தில் ஒரு நாளும் ஏழு மணி தாண்டவில்லை. இராஜகுமாரி பழையபடி முகம் பார்த்துச் சிரித்தாள்.

முதல் சனிக்கிழமை ஞானேஸ்வரி போர்வைகளைத் துவைத்தாள். அடுத்த முறைக்குரிய சனிக்கிழமை வந்தபோது பத்து மணிக்குச் செருப்பைப் போட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். போவதற்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

மார்ச்சில் ஒரு நாள் மாத்தளை அம்மன் கோயிலுக்குப் போவதென்று முடிவெடுத்தாள். கோயிலுக்குப் போகிற பழக்கம் அவளுக்கு அவ்வளவாக இல்லை. அலவத்துகொடயைக் கடக்கும்போது முனாப் ஒரு வானின் கீழிருந்து தலையை வெளியே நீட்டினார். அவள் கையைத் தூக்கினாள். அவரும் தூக்கினார். கைகாட்டிவிட்டு நிற்காமல் போகிற அளவுக்கு வண்டி நன்றாக ஓடியது. திரும்பி வரும்போதும் நன்றாகவே ஓடியது.

தம்பி தைப்பொங்கலுக்கு எடுத்துப் பேசியதோடு சரி. அவள் வாடகைக்கு இருந்த அனெக்ஸின் சொந்தக்காரர் குடும்பம் முன்வீட்டில் இருந்தது. தண்ணீர் டாங்கி நிரம்பினால் மட்டும் சத்தம் கொடுப்பார்கள். சண்முகநாதன் பேசுவார், ஆனால் அவருடைய பேச்சு தோட்டத்தின் பழைய துரைமாரைத் தாண்டி வராது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நோயில்லாத ஓர் ஆளோடு தான் கடைசியாகப் பேசியது எப்போது என்று ஞானேஸ்வரி யோசித்தாள். உடனே ஞாபகம் வரவில்லை. சாப்பாடு குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பகலில் படுத்தாள். நோயாளி ஒருவரிடம் இதைக் கண்டால் கொப்பியில் எழுதி வீட்டாரிடம் காட்டுவாள். இதைக் காட்ட வீட்டார் இல்லாததால் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு முட்டையைக் கூட்டிக்கொண்டாள்.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காரணம் சரியாக அமையாமலே, வண்டியைக் கராஜில் கொண்டுபோய் நிறுத்தினாள். பிளக்கைத் தேய்க்க வேண்டும் என்றாள்.

முனாப் ஸ்பேனரைப் போட்டுக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. எங்கே வாங்கியது, யார் பூட்டியது என்று கேட்டார். ஜனவரியில் பனியில் வண்டி வழியில் நின்றபின் டவுனில் வாங்கியது, பூட்டியது நான்தான் என்றாள்.

"நல்ல சாமான்," என்றார். "இதத் தேய்க்கப்படாது மிஸ். கம்பி பிரஷ் பட்டா இந்த ஊசி போயிரும். இதுல நான் செய்ற வேல ஒன்டும் இல்ல."

திருப்பிப் பூட்டினார். இரண்டு நிமிடம். ஞானேஸ்வரி பக்கத்துக் கதவைப் பார்த்தாள். மூடியிருந்தது. பாயிஸா எங்கே என்று கேட்டாள்.

கட்டாருக்குப் போய்விட்டாள் என்றார் முனாப், கையைத் துணியில் துடைத்தபடி. றம்ஸியாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. ஏப்ரல் கடைசியில் போனவள், ஹஜ் பெருநாளைக்குத்தான் வருவாள்.

வாங்கிலிருந்த லொறிக்காரர் எழுந்து தேநீர் குடிக்கப் போனார். முனாப் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"போக முந்தி ரெண்டு மூணு சனிக்கிழம கேட்டா. மிஸ் வேற கராஜ் பிடிச்சிட்டாவோ என்டு. நானும் அப்படித்தான் நெனச்ச. பிளக்க வெளிய வாங்கினா, வேலையும் வெளிய போயிட்டு என்டுதான் எங்கட தொழில்ல அர்த்தம்."

"வேற கராஜுக்கு நான் போகல்ல நானா."

"அது இப்ப வெளங்குது."

இரண்டு மூன்று சனிக்கிழமை. பாயிஸா சாக்கை விரித்துவிட்டு வீதியைப் பார்த்திருப்பாள் என்று நினைக்க ஞானேஸ்வரிக்குச் சிரமமாக இருந்தது. தான் மட்டும்தான் அந்தக் கதவுக்காகக் காரணம் தேடுகிறாள் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை, அந்த மனுசியும் போய்விட்டாள். இனி அதை நினைத்துக்கொண்டு நிற்பதில் பயனில்லை. அடுத்து என்ன செய்வது என்றுதான் பார்க்க வேண்டும்.

"நானா, சாதா பிளக் ஈக்கா?" என்று கேட்டாள். இருக்கா என்பதற்கு அந்த வீட்டில் பழகிய சொல் தானாக வந்தது.

"ஈக்கி. ஏன், இது நல்லாத்தானே ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது. கழட்டுங்க."

முனாப் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். பூட்டிக்கொண்டே, குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: இந்தப் பழைய வண்டிக்கு விலை கூடிய பிளக் அவசியமே இல்லை; சாதாரண பிளக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக மாற்றினால் அதுவும் பனியில் பற்றும்; அன்று வழியில் நின்றது பிளக்கின் குற்றமல்ல, மாற்றாமல் விட்ட குற்றம்.

"தெரியும்," என்றாள் ஞானேஸ்வரி. "ஆறு மாசத்துக்கு ஒருக்காக் கட்டாயம் மாத்துறேன். இனி நீங்க சொன்ன நாளுக்குத் தவற மாட்டேன். ஆனா ரெண்டு கிழமைக்கு ஒருக்காக் கொண்டு வாறேன், தேய்ச்சித் தாங்க."

"தேய்க்க அதுல ஒன்டுமே ஈக்காதே மிஸ்."

"பரவாயில்ல நானா."

அவர் தலையாட்டினார்.

இரிடியம் பிளக்கை ஞானேஸ்வரி ஒரு துண்டுத் துணியில் சுற்றி, சீட்டுக்குக் கீழேயுள்ள சாமான் பெட்டியில் ஸ்பேனரோடு வைத்தாள். எந்தப் பனியில் நின்றாலும் ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு போகலாம். சண்முகநாதனின் ஏழு மணியோடு இனி விளையாட்டில்லை. வைத்தபின் பெட்டியை இரண்டு தடவை மூடித் திறந்து, சத்தம் வராமல் இறுகியிருக்கிறதா என்று பார்த்தாள்.

சொன்னபடி போனாள். மூன்றாவது தடவை போனபோது நோன்பு மாதம். வாங்கில் யாரும் இல்லை. வீதிக்கு அப்பால் தேநீர்க்கடையில் பலகை சாத்தியிருந்தது. முனாப்பின் உதடு காய்ந்திருந்தது. ஆனால் ஸ்பேனரைத் தேடி எடுத்தார். பிளக்கைக் கழற்றி அவளுக்குக் காட்டினார். பிஸ்கட் நிறத்தில் சுத்தமாக இருந்தது. ஆனாலும் கம்பி பிரஷ்ஷை எடுத்து, பெற்றோலில் தொட்டு, மெதுவாகத் தேய்த்தார். அது முடிந்ததும் யாரும் சொல்லாமலே சங்கிலியை இறுக்கினார். டயருக்குக் காற்று பார்த்தார். பிரேக் கம்பிக்கு எண்ணெய் விட்டார்.

ஞானேஸ்வரி சுவரோரம் நிழலில் நின்றாள். பக்கத்துக் கதவுக்கு முன்னால், கராம்புச் சாக்கு சுருட்டிக் கயிறு கட்டி நிறுத்தியிருந்தது. அதன் மேல் தூசி. மிளகுக் காலம் தொடங்கியிருந்தது. இந்த வருட மிளகை யார் உருவுவார்கள் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள். ஹஜ் பெருநாளுக்கு முன் இன்னும் ஆறு தடவை வரவேண்டும் என்று மட்டும் எண்ணி வைத்தாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. முனாப் பிளக்கைப் பூட்டி, துணியை இடுப்பில் செருகி, அவள் இரண்டு முழம் தள்ளி நிற்பதை மறந்து, பழைய வழக்கத்தில் ஹோர்னை அடித்தார்.

இருவரும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஞானேஸ்வரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிக்கரை உதைத்தாள். முதல் உதையிலேயே பற்றியது.